வலது முன்சில்லு

செத்துப்போன லொறி ஒன்றின் பிறேக்கைக் கழற்றச் சொல்லி ஒரு பெண் வந்து நிற்பாள் என்று தம்பிஐயா எதிர்பார்க்கவில்லை. கொக்குவிலில், முன்பு தண்டவாளம் கிடந்த பாதையை ஒட்டி இருந்தது அவருடைய கராஜ். சிசிலியா சைக்கிளை வேலியில் சாத்தினாள். 'வாரும், இரும்' என்று சொல்ல அவருக்கு இடம் கொடாமல் நேரே லொறிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"முன்சில்லு ரண்டையும் கழட்டுங்கோ அண்ணை. பிறேக் பாக்கோணும்."

"உதுக்கு இனிப் பிறேக் என்னத்துக்குப் பிள்ளை? உது இனி ஓடாது. ஓடாத வண்டிக்குப் பிறேக் பாக்கச் சொல்லியோ உங்களுக்குக் கம்பசிலை படிப்பிச்சவை?"

"ஓம், அதைத்தான் படிப்பிச்சவை. ஸ்பனரை எடுங்கோ."

தம்பிஐயா ஸ்பனரைத் தேடப் போனார்.

லொறியைப் பார்க்கச் சகிக்கவில்லை. வலது முன்சில்லுக்கும் ரேடியேற்றருக்கும் நடுவில் பனை புகுந்து முகத்தைப் பிளந்திருந்தது. ஆளை வெளியே எடுக்க அலவாங்கு போட்டு நெம்பிய கதவு ஒற்றைக் கீலில் தொங்கியது. சாரதி ஆசனத்தைத் தம்பிஐயா கழுவி, மேலே ஒரு சாக்கு விரித்திருந்தார்.

அந்த ஆசனத்தில் செத்தவர் அவளுடைய அப்பா, குருநகர் மரியரட்ணம். போன மாதம் ஒரு நாள் விடிய எழும்பிப் பார்த்தால் தம்பி சிமியோனின் பாய் சுருட்டி வைத்தபடி இருக்கிறது, ஆள் இல்லை. இயக்கத்துக்குப் போய்விட்டான். அப்பா சேட்டுக்கூடப் போடாமல், தோளில் துவாயோடு லொறியை எடுத்துக்கொண்டு, எந்த முகாமில் கேட்டாலும் கேட்டுப் பார்ப்போம் என்று வடக்கே போனார். உடுவிலைத் தாண்டவில்லை. லொறி றோட்டைக் குறுக்கே வெட்டி வலப்பக்கத்துப் பனையில் அடித்தது. நேரில் கண்டவர் ஒருவருமில்லை. சத்தம் கேட்டு வெங்காயத் தோட்டத்திலிருந்து ஓடி வந்தவர்கள் தூக்கும்போது உயிர் இல்லை.

நடந்தது இவ்வளவுதான். இதற்கு மேலே சனம் கட்டிய கதைதான் சிசிலியாவை விசராக்கியது.

அந்த லொறி பிறேக் போட்டால் இடப்பக்கம் இழுக்கும். இது குருநகர் முழுக்க அறிந்த விசயம். பொருளாதாரத் தடை வந்த வருசம் வலது முன்சில்லின் பிறேக் சிலிண்டர் ஒழுகத் தொடங்கியது. உள்ளே இருக்கிற ரப்பர் கப்பை மாற்றினால் சரி. உள்ளங்கையில் பொத்தி வைக்கக்கூடிய சாமான். ஆனால் யாழ்ப்பாணத்துக்குள் அது கிடையாது. பிறேக் ஒயிலும் கிடையாது; ஆமணக்கெண்ணெயில் சாராயம் கலந்து ஊற்றி ஓடினார்கள். வேறு வழியில்லாமல் தம்பிஐயாதான் அந்தச் சில்லுக்குப் போகிற குழாயை அடைத்துவிட்டார். மற்ற மூன்று சில்லும் பிடிக்கும், வலது முன்சில்லு சும்மா உருளும். அந்த நாட்களில் பாதி வாகனம் அப்படித்தான் ஓடியது.

முன்னால் இடது பக்கம் மட்டும் பிடித்தால் வண்டி இடப்பக்கம் திரும்பத்தானே செய்யும்? அப்பா பிறேக்கில் காலை வைக்கும்போதே ஸ்ரியறிங்கை வலப்பக்கம் முறித்துப் பிடிப்பார். இழுவையும் முறிப்பும் சரிக்குச் சரி. லொறி நேரே போய் நிற்கும். வீட்டுக்கு வருகிற வழியில் கோயில் இடப்பக்கம். "மரியரட்ணத்தின்ரை லொறிக்கு இருக்கிற பக்தி மரியரட்ணத்துக்கு இல்லை. கோயிலைக் கண்டா அது தானாத் திரும்புது" என்று சனம் பகிடி பண்ணும். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார்.

பகிடி பண்ணிய அதே சனம்தான் செத்தவீட்டில் நின்று நியாயம் பிளந்தது. லொறி இழுத்திருந்தால் இடப்பக்கம் அல்லவோ இழுத்திருக்கும்? இடப்பக்கம் தோட்டம், மெத்தென்ற செம்மண். ஆளுக்கு ஒரு கீறல்கூட விழுந்திராது. வலப்பக்கம் போனதென்றால் கையால் வெட்டித்தான் போயிருக்க வேண்டும். ஒரே ஆம்பிளைப் பிள்ளை போன கவலை. மனுசன் வேணுமெண்டு அடிச்சிட்டார்.

பெட்டியை மூடுவதற்கு முன்னமே மார்கிரட் பெரியம்மா சிசிலியாவின் அம்மா லூர்த்தம்மாவின் காதுக்குள் குனிந்தாள். "லூர்த்து, நீ வெளியிலை ஒண்டும் கதையாதை. சுவாமியார் ஒண்டும் கேக்கேல்லை. கேக்காமல் அடக்கம் செய்யிறதே பெரிய காரியம்."

அந்தச் சொல்லோடு லூர்த்தம்மா அழுகையை நிறுத்திவிட்டாள். தன்னைத்தான் மாய்த்தவனுடைய ஆத்துமா எங்கே போகும் என்று சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் கேட்டதை அவள் மறக்கவில்லை. முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பெயர் கொடுக்கப் போனவள், புருசனின் பெயரைக் கொடுக்காமல், 'ஒருவரும் நினையாத ஆத்துமாக்களுக்காக' என்று சொல்லிவிட்டு வந்தாள்.

"அப்பாவுக்குப் பேர் இல்லையோ?" சிசிலியா கத்தினாள். "வளத்த ஆடு செத்தாலும் பேர் சொல்லி அழுகினம்."

"சத்தம் போடாதை பிள்ளை. பூசையிலை பேரைச் சொல்லி, ஆண்டவருக்கு அது பொறுக்காட்டி..."

"அவர் வேணுமெண்டு அடிச்சவர் எண்டு ஆண்டவர் வந்து உங்களுக்குச் சொன்னவரோ?"

"அப்ப ஏன் மோனை வலப்பக்கம் போனது? நீ படிச்சனி. சொல்லு. ஏன் போனது?"

அவர்களுடைய ஒழுங்கையில் பட்டம் எடுத்த முதல் ஆள் சிசிலியா. பௌதிகம் படித்தவள். அதைச் சொல்லிக் குத்தாதவர்கள் குறைவு. ஆனால் அம்மா குத்தவில்லை. தெரியாமல்தான் கேட்டாள், தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அந்தக் கேள்விதான் சிசிலியாவைச் சைக்கிளில் ஏற்றிக் கொக்குவிலுக்கு அனுப்பியது.

தம்பிஐயா லொறிக்குக் கீழே படுத்துக்கொண்டு கேட்டார். "உம்மடை அப்பர் பிறேக் போட்டவர் எண்டு என்னெண்டு தெரியும்?"

"அடுத்த நாளே போய்ப் பாத்தனான். றோட்டிலை ரயர் உரஞ்சின கறுப்புக் கோடு கிடந்தது. சாகப் போற மனுசன் ஏன் பிறேக் போடுறார்?"

"கடைசி நேரத்திலை மனம் மாறியிருக்கும் பிள்ளை."

"உங்கடை வாயிலையும் அதுதானோ?"

"சீச்சீ, நான் சொல்லேல்லை. சனம் சொல்லுறதைச் சொன்னன்." அவர் தலையை மட்டும் வெளியே நீட்டினார். "எனக்கெண்டால் சில்லைத் திருப்புற ஸ்ரியறிங் றொட்டிலைதான் சந்தேகம். பழைய சாமான். அது முறிஞ்சிருந்தால் வண்டி தன்ரை பாட்டிலைதான் போகும். ஓட்டுறவர் என்ன செய்யிறது?"

அது முறிந்திருக்க வேண்டும் என்று சிசிலியா மாதாவை மன்றாடினாள். அவள் மன்றாடி வெகுநாள். தம்பிஐயா சுத்தியலால் றொட்டைத் தட்டினார். கணீரென்றது.

"ஒண்டுமில்லை. புதுசு மாதிரி இருக்கு."

லொறியின் பாரம் தாங்கும் வில்லின் முதல் தகடு உடைந்திருந்தது. அவள் பாய்ந்து குனிந்தாள். அவர் தலையை ஆட்டினார். "உடைஞ்ச வாய் மினுங்குது, பாரும். பனையிலை அடிச்சு உடைஞ்சது. முந்தி உடைஞ்சதெண்டால் கறள் பிடிச்சிருக்கும்." ரயரில் பிழையில்லை. இடது முன்சில்லைக் கழற்றி டிரம்மை இழுத்துப் பார்த்தார்கள். லைனர் தேய்ந்துதான் இருந்தது, ஆனால் காய்ந்த, சுத்தமான தேய்வு.

"வலது சில்லைக் கழட்டத் தேவையில்லை. நானே அடைச்சது. உள்ளுக்குக் கறளும் சிலந்தியும்தான் குடும்பம் நடத்தும்."

"கழட்டுங்கோ."

"அப்பரை மாதிரியேதான். சொன்னாக் கேக்கமாட்டீர்."

டிரம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று அவர் பெரிய சுத்தியலை எடுத்தார். அது தேவைப்படவில்லை. இழுத்ததும் வழுக்கிக்கொண்டு வந்தது. தம்பிஐயா அதை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார், பார்த்தபடியே இருந்தார். உட்புறம் வெள்ளி போல மினுங்கியது. சாண்ட் பேப்பர் போட்டு ஒரு கறளில்லாமல் தேய்த்த தடம் சுற்றிவரத் தெரிந்தது. சிலிண்டரின் வாயில் கன்னங்கரிய புது ரப்பர். அவர் செருகிய அடைப்பு இல்லை. குழாயின் நட்டில் ஸ்பனர் பட்ட புதுக் கீறல். விரலால் தொட்டு மணந்தார்.

"பிறேக் ஒயில். சுத்தப் பிறேக் ஒயில், பிள்ளை. ஆமணக்கில்லை."

"ஆர் செய்தது?"

"நான் இல்லை. ஆனா ஆர் செய்தாலும் அந்தக் கையைப் பிடிச்சுக் கண்ணிலை ஒத்தலாம்." அவருடைய குரல் மாறிவிட்டது. "ஏறி மிதியும் பாப்பம்."

டிரம்மையும் சில்லையும் திரும்பப் போட்டு, முன்பக்கத்தை ஜக்கில் உயர்த்தினார். சிசிலியா சாக்கைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றாள். பிறகு ஏறி அதன்மேல் இருந்தாள். ஸ்ரியறிங் ஒருபக்கம் நசிந்திருந்தது. எந்த நெஞ்சில் பட்டு நசிந்தது என்பதை அவள் நினைக்கவில்லை. நினைக்காமலிருக்கப் பல்லைக் கடித்தாள்.

தம்பிஐயா ஓடியோடி இரண்டு சில்லையும் சுழற்றிவிட்டார். "மிதியும்!" இரண்டும் ஒரே கணத்தில் நின்றன. மறுபடி சுழற்றினார். மறுபடி நின்றன.

"உந்த லொறி இழுக்காது. இடப்பக்கமும் இழுக்காது, வலப்பக்கமும் இழுக்காது. கோடு பிடிச்ச மாதிரி நேரை போய் நிக்கும்." சொல்லிக்கொண்டு வந்தவர் முகத்தைச் சுளித்தார். "ஆனா நீர் ஏன் ஒவ்வொருக்காலும் ஸ்ரியறிங்கை முறிக்கிறீர்? சில்லு வலப்பக்கம் திரும்புது. கையை விட்டிட்டு மிதியும்."

சிசிலியா குனிந்து தன் கைகளைப் பார்த்தாள்.

அவள் முறிக்கவில்லை. முறிக்க வேண்டும் என்று நினைக்கவுமில்லை. கால் போகும்போது கை தானாகப் போயிருக்கிறது. கடற்கரை வெளியில், பக்கத்தில் அப்பா இருந்து, அவளுக்கும் சிமியோனுக்கும் ஓடப் பழக்கியது இந்த லொறியில்தான். மூன்று மாதமோ நாலு மாதமோ ஓடிய அவளுடைய கைக்கே இந்தப் பழக்கம் என்றால், மூன்று வருசம் ஒவ்வொரு நாளும் ஓடிய கைக்கு?

யாரோ பிறேக்கைச் சரியாக்கியிருக்கிறார்கள். அப்பாவுக்கு அது தெரியாது. விடியற்காலை வெறும் றோட்டு, மெல்லப் பிடித்தால் வித்தியாசம் தெரியாது. அதுவும் பிள்ளையைத் தேடிப் போகிறவனுக்கு என்ன தெரியும்? உடுவிலில் ஆடோ நாயோ சைக்கிளோ குறுக்கே வந்திருக்கும். ஓங்கி மிதித்திருப்பார். லொறி வழக்கம்போல இடப்பக்கம் இழுக்கப் போகிறது என்று கை வலப்பக்கம் முறித்திருக்கும். லொறி இழுக்கவில்லை. கை சொன்ன பக்கம் போனது.

அவள் அதைச் சொல்லி முடித்தபோது தம்பிஐயா பழைய ரயர் ஒன்றின்மேல் இருந்துவிட்டார். "ஐயோ முருகா" என்றார்.

சிசிலியாவுக்கு முதலில் வந்தது சந்தோசம். வெட்கம் கெட்ட, வெறி பிடித்த சந்தோசம். அவர் சாக நினைக்கவில்லை! நிற்கத்தான் பார்த்திருக்கிறார்! இதை ஒழுங்கை ஒழுங்கையாகப் போய்ச் சொல்ல வேண்டும். மார்கிரட் பெரியம்மாவின் வீட்டு வாசலில் நின்று சொல்ல வேண்டும்.

"போக முதல் கிழமை உம்மடை தம்பி இஞ்சை வந்தவன்," தம்பிஐயா நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சைக்கிளைத் தாறன், பிறேக் கப் ஒண்டு தாங்கோ எண்டு நிண்டவன். என்னட்டை இல்லை எண்டு அனுப்பினன். வேறை ஆரிட்டையோ குடுத்து வாங்கியிருக்கிறான்."

சிமியோன் சைக்கிளிலேயே போய்விட்டான் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். சிசிலியாவின் சந்தோசம் அந்த இடத்தில் நின்றது.

"ஆனா இது தனிய ஒராள் செய்யேலாது, பிள்ளை. குழாய்க்குள்ளை காத்து நிக்கும், அதை எடுக்கோணும். ஒராள் கீழை கிடந்து நட்டைத் திறந்து பூட்டோணும். ஒராள் மேலை இருந்து மிதிச்சு மிதிச்சு விடோணும். மேலை இருந்தது ஆர்?"

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அம்மா குசினி வாசலில் இருந்து சூடை மீன் கிள்ளிக்கொண்டிருந்தாள். கண் மீனில் இல்லை.

"அம்மா, சிமி லொறியிலை வேலை ஏதும் செய்தவனோ?"

லூர்த்தம்மா நிமிர்ந்தாள். செத்தவீட்டுக்குப் பிறகு அவளுடைய முகத்தில் முதல்முறையாக ஏதோ வெளிச்சம்.

"உனக்கு ஆர் சொன்னது? நீ அண்டைக்கு ரியூசன் படிப்பிக்கப் போயிட்டாய். அப்பா சங்கக் கூட்டத்துக்குப் போனவர். சில்லைக் கழட்டிப் போட்டு, கீழை கிடந்து, உடம்பெல்லாம் கரி. என்னைத் தூக்கி ஏத்தி அப்பாவின்ரை இடத்திலை இருத்திவிட்டவன். கலியாணம் கட்டின நாளிலையிருந்து நான் அதிலை இருந்ததில்லை. 'மிதியுங்கோ அம்மா, விடுங்கோ அம்மா, மிதியுங்கோ' எண்டு கத்துறான். எனக்குச் சிரிப்பு அடக்கேலாது. கால் எட்டேல்லை எண்டு தலகாணி வைச்சவன்."

சிசிலியா அம்மாவுக்குப் பக்கத்தில் குந்தினாள்.

"'அப்பா ஒவ்வொரு நாளும் கையை முறிச்சு முறிச்சு ஓடுறார், தோள்மூட்டு நோகுதாம். இனி நோகாது. சொல்லிப்போடாதேங்கோ, அவரே கண்டு திகைக்கட்டும்' எண்டவன். நானும் வாயைத் திறக்கேல்லை. விடிய எழும்பினா ஆள் இல்லை. பேந்து எனக்குப் பிறேக்கோ நினைவிலை நிக்கும்?" அம்மாவின் கை மீனோடு நின்றது. "ஏன் கேக்கிறாய்? அதிலை ஏதும் பிழையோ, பிள்ளை?"

வழிநெடுக அடுக்கிக்கொண்டு வந்த சொற்கள் எல்லாம் சிசிலியாவின் வாய்க்குள் இருந்தன. அவள் யாருக்கும் பயந்து வாயை மூடியவள் அல்ல. கம்பசில் விரிவுரையாளரை எதிர்த்துக் கதைத்தவள். சுவாமியார் பிரசங்கத்தில் சொன்ன பிழையை வெளியே வந்து அவருடைய முகத்துக்கே சொன்னவள். உண்மையைச் சொல்லப் பயப்படுகிறவர்கள் கோழைகள் என்பது அவளுடைய வேதம். இப்போது உண்மை இதுதான்: உன்னுடைய புருசன் தற்கொலை செய்யவில்லை அம்மா, நீயும் உன் மகனும் ஆசையாகச் செய்த வேலையால் செத்தார். நீ சொல்லாமல் விட்டதால் செத்தார்.

"ஒரு பிழையுமில்லை," என்றாள். "நல்லாச் செய்திருக்கிறான்."

அடுத்த நாள் காலை அவள் மறுபடியும் கொக்குவிலில் நின்றாள்.

"ஆரும் கேட்டால் றொட் முறிஞ்சதெண்டு சொல்லுங்கோ அண்ணை."

தம்பிஐயா ஏன் என்று கேட்டார். மேலே இருந்து மிதித்தது யார் என்று சொன்னாள். அவர் தாடையைச் சொறிந்தார்.

"சொன்னாக் காணாது, பிள்ளை. உங்கடை சனம் வந்து பாக்கும். குருநகரிலை பாதிப் பேர் லொறி ஓடினவங்கள்."

அவர் லொறிக்குக் கீழே போனார். றொட்டைக் கழற்றிக்கொண்டு வந்து, வைசில் இறுக்கினார். அந்த நாட்களில் ஒரு நல்ல றொட்டுக்கு வன்னியிலிருந்தும் ஆள் வந்து கெஞ்சும். அதை அவர் அரைவாசிக்கு அரத்தால் ராவி, மிச்சத்தைப் பெரிய சுத்தியலால் அடித்து முறித்தார். மூன்றாம் அடிக்குத்தான் முறிந்தது. ராவிய இடத்தைத் தட்டி நசித்தார். முறிந்த வாய் மினுங்காமலிருக்க அதில் உப்புத் தண்ணீரும் பழைய கிறீசும் பூசினார். செய்யும்போது சிசிலியாவை நிமிர்ந்து பார்க்கவேயில்லை.

"நாற்பது வருசமாத் திருத்திறன்," என்றார். "நல்ல சாமானை முறிச்சது இண்டைக்குத்தான். கொண்டு போம்."

லூர்த்தம்மா அந்த இரும்புத் துண்டை இரண்டு கையாலும் வாங்கினாள். "இதுவோ? இது முறிஞ்சுதோ? அவர் திருப்பேல்லையோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். "அவர் திருப்பேல்லை, அம்மா," என்று சிசிலியா ஒவ்வொரு முறையும் சொன்னாள். அந்த ஒரு வசனம் மட்டும் பொய்யில்லை என்று தனக்குள் பிடித்துக்கொண்டாள். அதுவும் பொய்தான் என்பதும் அவளுக்குத் தெரியும். அம்மா இரும்பை மடியில் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதாள். அடக்கம் செய்த நாளில் அழாமல் விட்டதையும் சேர்த்து அழுதாள். ஒழுங்கைப் பெண்கள் எல்லோரும் வந்து கூடினார்கள். மார்கிரட் பெரியம்மாவும் வந்து, றொட்டைத் தொட்டுப் பார்த்து, "அப்பவே நான் நினைச்சனான்" என்றாள். சிசிலியா அவளைப் பார்த்த பார்வையில் பெரியம்மா தேத்தண்ணி குடியாமலே போய்விட்டாள்.

முப்பத்தோராம் நாள் பூசையில் சுவாமியார் மரியரட்ணம் என்று பெயரை வாசித்தார். அம்மா தலையை நிமிர்த்திக்கொண்டு முன்வாங்கில் இருந்தாள். நற்கருணை வாங்க எல்லோரும் எழுந்தபோது, சொன்ன பொய்யோடு சிசிலியா மட்டும் எழவில்லை.

பூசை முடிந்து வரும் வழியில் அம்மா சொன்னாள். "தம்பியைப் போய்ப் பாத்திட்டு வா. அவனைப் பூசைக்கும் விடேல்லை. கேட்டுக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வரப் பார். அவனுக்கு ஒண்டு சொல்லு, என்ன? அவன் செய்த பிறேக் நல்லாப் பிடிச்சதாம் எண்டு சொல்லு. றொட் முறிஞ்சதுக்கு அவன் என்ன செய்வான்? அப்பா கடைசியாய் மிதிக்கேக்கை இழுக்காமல் பிடிச்சிருக்கும். அதாவது அவருக்குத் தெரிஞ்சிருக்கும்."

அவனுக்குச் சாவுச் செய்தி கொண்டுபோனவர்கள் சொன்ன இடம் அளவெட்டிக்கு அங்காலே, சுற்றிவரக் கிடுகு வேலி அடைத்த ஒரு முகாம் வளவு. வாசலில் வெகுநேரம் நிற்க வைத்த பிறகு சிமியோனை விட்டார்கள். தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். காது இரண்டும் பெரிதாகத் தெரிந்தன. லொறி மோதி அப்பா செத்தார் என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியும்.

"அம்மா சாப்பிடுறாவோ?"

"இப்ப சாப்பிடுறா." அவள் ஒரே மூச்சில் சொன்னாள். "நீ செய்த பிறேக் நல்லாப் பிடிச்சதெண்டு சொல்லச் சொன்னவா."

அவன் முகம் அப்படியே விரிந்தது. "பிடிச்சதோ? கப் கொஞ்சம் இறுக்கம், பயந்து பயந்துதான் போட்டனான்." பிறகு மெல்ல அந்த விரிவு சுருங்கியது. "பிடிச்சதெண்டால் பேந்து என்னெண்டு அடிச்சது?"

"றொட் முறிஞ்சது."

"எந்த றொட்? அண்டைக்கு நான் கீழை கிடந்து எல்லாத்தையும் தட்டிப் பாத்தனான், அக்கா. றொட் ஒண்டுக்கும் ஒண்டுமில்லை."

அவள் வேலியில் நீட்டியிருந்த கிடுகோலை ஒன்றைக் கிள்ளினாள்.

"எந்தப் பக்கம் போனது?"

இடப்பக்கம் என்றால் தான் செய்த வேலை பிழைத்து அப்பா செத்தார் என்று நினைப்பான். வலப்பக்கம் என்றால் விளங்கிவிடும். அவன் அந்த லொறியைத் தெரிந்தவன். நேரே போனது என்று சொல்லலாம். ஆனால் நாளைக்கே குருநகர்ப் பொடியன் ஒருவன் இந்த வளவுக்குள் வந்து சேருவான், உண்மையைச் சொல்லுவான்.

"வலப்பக்கம்," என்றாள்.

சிமியோன் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அவருக்கு ஒருத்தரும் சொல்லேல்லை, என்ன?"

"சிமி..."

"அம்மா சொல்லத்தான் பாத்தவா. நான்தான் வேண்டாமெண்டனான். விடிய எழும்பி வண்டியை எடுக்கேக்கை தானாக் கண்டு சிரிப்பார் எண்டு நினைச்சன். நான் போனதுக்குக் கோவிக்காமல் சிரிப்பார் எண்டு." குரல் உடைந்தது. உடைந்த இடத்திலேயே நிறுத்திக்கொண்டான். "அம்மாவுக்குத் தெரியுமோ?"

"இல்லை. அவவுக்கு றொட்தான்."

"அப்ப றொட் எண்டே இருக்கட்டும்."

"வீட்டை வா, சிமி. நான் உள்ளுக்குப் போய்க் கதைக்கிறன். ஒரே ஆம்பிளைப் பிள்ளை, தகப்பன் இல்லை எண்டு சொன்னால் விடுவினம்."

"வந்து? அவ ஒவ்வொரு நாளும் சோத்தைப் போட்டு வைச்சிட்டு அந்தப் பிறேக்கைப் பற்றிச் சொல்லுவா. நான் இருந்து கேக்கிறதோ?"

உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அது அவனுடைய பெயர் இல்லை, புதுப் பெயர். அவன் அதற்கு ஓம் என்று குரல் கொடுத்துவிட்டு, அக்காவின் கையை ஒருமுறை இறுக்கிப் பிடித்து, விட்டுவிட்டு, திரும்பிப் பாராமல் போனான்.

அம்மா படலையில் நின்றாள். சைக்கிளின் பின்னால் ஒருவரும் இல்லை என்பதைத் தூரத்திலேயே கண்டுவிட்டாள். ஆனாலும் கிட்ட வரும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

"விடேல்லையோ?"

"விடேல்லை."

"பிறேக் பிடிச்சதைச் சொன்னனியோ?"

"சொன்னனான்."

"என்ன சொன்னவன்?"

சிசிலியா சைக்கிளைச் சுவரோடு சாத்தினாள், அது சரிந்தது, மறுபடி நிமிர்த்திச் சாத்தினாள்.

"சந்தோசப்பட்டான், அம்மா."

"எனக்குத் தெரியும்," என்றாள் லூர்த்தம்மா. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகளுக்குச் சோறு போட உள்ளே போனாள்.